வீணைச் செல்வர் காரைக்குடி சாம்பசிவ ஐயர்

இசையால் இறைவனை வழிபட்ட அடியார்களைப் போற்றவந்த சேக்கிழார் பெருமான், பெரியபுராணத்தில் இருவேறு நிலைகளைக் காட்டியருளினார். ஆனாய நாயனார் பூத்து நின்ற கொன்றை மரத்தின் முன்னே தனியராய் நின்று, திருவைந்தெழுத்தைக் குழலில் அமைத்து ஊதினார். அவருக்குப் பக்கத்துணை வேண்டியிருக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணரோ திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருப்பதிகங்களை யாழில் இட்டு வாசிப்பதையே தமது வாழ்வாகக் கொண்டார். முடிவில் திருநல்லூர்ப் பெருமணத்தில் பிள்ளையார் சோதியுட் புக்கபோது யாழ்ப்பாணரும் உடன் புக்கார். துணையை இழந்து தனித்திருந்து இசைப்பணியைத் தொடரும் நிலை அவருக்கு நேராதவாறு திருவருள் காத்தது.

எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. இரண்டு கைகள் சேர்ந்து வளர்த்த ஒரு கலையை ஒருவர் கையில் விட்டு மற்றவர் மறைந்துவிடுவதும் உலகில் உண்டு. அவ்வாறு எஞ்சி நின்றவர் தளர்ந்தால் அக்கலை அவரோடு ஒழியும்; தளராது நின்றால் அது வழிவழி நிலைக்கும். இந்நிலைக்கு உரிய சான்றாக விளங்குவது காரைக்குடி சாம்பசிவ ஐயர் வரலாறாகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமையனாரோடு இணைந்து வீணை வாசித்த அப்பெரியார், அவர் மறைந்தபின் இருபத்திரண்டு ஆண்டுகள் தனியராய் நின்று, தம் குடியின் கலையை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்துச் சென்றார்.

ஊரும் குடியும்

புதுக்கோட்டை நகரை அடுத்து விளங்குவது திருக்கோகர்ணம் என்னும் சிவத்தலம். ஆங்குக் கோகர்ணேசப் பெருமான் குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில் எழுந்தருளியுள்ளார். அம்மையின் திருநாமம் பிரகதாம்பாள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் தம்மைப் பிரகதாம்பாளின் அடிமைகள் எனக் கூறிக்கொள்வதையே பெருமையாகக் கருதினர். அம்மையின் திருவுருவம் பொறித்த காசினையும் வழங்கினர்.

இத்தலத்திற்கு இசையோடு உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. குடைவரைக் கோயிலின் அருகே பாறையில் பரிவாதினி என்னும் பெயர் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பரிவாதினி என்பது ஏழு நரம்புகளையுடைய வீணை என வடமொழி நிகண்டு கூறும். புதுக்கோட்டைச் சீமையிலேயே உள்ள திருமெய்யத்திலும் மலையக்கோயிலிலும் இப்பெயர் பாறையில் காணப்படுகின்றது. குடுமியான்மலையிற் குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்தே, ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகள் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பாரின் மாணவரும் மகேசுவரனிடத்துப் பேரன்பு பூண்டவருமான ஓர் அரசர், மாணவர் நலங்கருதி அவற்றை அமைத்தார் என்பது அக்கல்வெட்டின் முடிவுரையால் விளங்குகின்றது. இசையை வாசிப்பவரோடு மறைய விடாது பின்வருவோர் கற்கும்பொருட்டு நிலைநிறுத்த வேண்டும் என்னும் கருத்து, அந்நாட்டிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருந்ததென்க.

இத்தகைய திருக்கோகர்ணத்தில் வீணையையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு குடி தழைத்து வந்தது. அக்குடியில் ஏழாந் தலைமுறையினராகச் சுப்பையா ஐயரின் மைந்தர் இருவர் தோன்றினர். மூத்தவராகிய சுப்பராம ஐயர் 1883ஆம் ஆண்டிலும் இளையவராகிய சாம்பசிவ ஐயர் 1888ஆம் ஆண்டிலும் பிறந்தனர். இருவருக்கும் இடையே ஐந்தாண்டு வேற்றுமை. வீணையின் ஒலியே தாலாட்டாக அமைந்த இல்லத்தில் வளர்ந்தமையின், அதன் பயிற்சி இருவர்க்கும் இளமையிலேயே கைவந்தது.

காரைக்குடிச் சகோதரர்கள்

பிறந்த ஊர் திருக்கோகர்ணமாயினும் உலகம் அவர்களை அறிந்தது காரைக்குடிச் சகோதரர்கள் என்னும் பெயராலேயே ஆம். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் வாழும் நகரத்தார், கடல் கடந்து ஈட்டிய பொருளைத் திருக்கோயில் திருப்பணிகளிலும் குடமுழுக்குகளிலும் வேதபாடசாலைகளிலும் தேவாரப் பாடசாலைகளிலும் வாரி வழங்கிய வண்மையர். இசை வல்லாரைப் போற்றுவதும் அவ்வண்மையின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவர்தம் ஆதரவில் சகோதரர் இருவரும் காரைக்குடியில் வாழ்ந்து, அவ்வூரின் பெயரையே தம் பெயர்க்கு முன்னர்க் கொண்டனர். ஆதரித்த ஊர்க்கு இசைவாணர் அளிக்கும் கைம்மாறு இதனினும் பெரிது யாதுளது?

அந்நாளில் இவர்களுடைய வீணைக் கச்சேரி காண்பார்க்கும் கேட்பார்க்கும் ஒருங்கே வியப்பளிப்பதாயிருந்தது. தமையனார் சுப்பராம ஐயர், தம்பூராவை நிறுத்தி மீட்டுவார் போல வீணையை நிமிர்த்தி நிறுத்தி வாசிப்பவர். சாம்பசிவ ஐயர் மரபுப்படி வீணையை மடிமேற் குறுக்கே கிடத்தி வாசிப்பவர். ஒன்று நின்ற வீணை, மற்றொன்று கிடந்த வீணை. இவ்விரண்டிலிருந்தும் எழுந்த இசையோ ஒன்றேயாய் இருந்தது.

இதன் அருமையை உணர்தற்கு வீணையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பலாமரத்தாற் செய்த குடமும் தண்டியும், யாளிமுகமும், சுரைக்குடுக்கையும் உடையது தஞ்சாவூர் வீணை. தண்டியின்மேல் மெழுகிற் பதித்த 24 மெட்டுகள் உண்டு. வாசிப்பதற்கு நான்கு தந்திகளும், சுருதிக்கும் தாளத்திற்குமாகப் பக்கத்தே மூன்று தந்திகளும் அமைந்திருக்கும். மெட்டின்மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கும்போது சுரம் அசைந்து கமகம் பிறக்கின்றது. இழுப்பு மயிரிழையளவு மிகினும் குறையினும் சுரம் பிறழும். மேலும், வாய்ப்பாட்டில் ஒலியை மூச்சுள்ளளவும் நீட்டலாம். வீணையில் மீட்டிய கணத்திலேயே ஒலி பிறந்து அப்போதே தேயத் தொடங்கும்.

ஆகவே இரண்டு வீணைகள் சேர்ந்து வாசிக்குமிடத்து ஒருவர் மீட்டு மற்றவர் மீட்டினுக்கு இமைப்பொழுது பிந்தினாலும் அவ்விரிசல் அவையோர்க்கு உடனே புலப்படும். இருவர் விரலும் ஒரே அளவாகத் தந்தியை இழுக்கவேண்டும். இருவர் உள்ளமும் ஒரே காலப்பிரமாணத்தில் நிற்கவேண்டும். எதிர்பாராது எழும் கற்பனையிலும் ஒருவர் குறிப்பை மற்றவர் உணரவேண்டும். இவையெல்லாம் இடைவிடாத பயிற்சியாலன்றிக் கைகூடா. மீட்டின் தெளிவும் தாளக்கட்டும் தானம் வாசிப்பதில் உறுதியும் காரைக்குடி மரபின் தனி இலக்கணங்கள் என்று இசைநூல் வல்லார் கூறுவர். இருவர் சேர்ந்து வாசித்த நெடுங்காலப் பயிற்சி அவ்விலக்கணங்களை மேலும் கடைந்து செறிவாக்கியது எனல் தகும்.

இவ்விருவர்க்கும் மூன்றாமவராக அமைந்தவர் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. 1875ஆம் ஆண்டிற் பிறந்த அவர், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய மான்பூண்டியா பிள்ளையின் மாணாக்கர்; கஞ்சிரா, மிருதங்கம் ஆகிய இரண்டிலும் தமக்கு நிகரில்லாதவர் எனப் பெயர் பெற்றவர். வீணையின் ஒலி மெல்லியது. மிருதங்கத்தின் ஒலி வலியது. வலியது மெல்லியதை மூடிவிடாமல் தாங்கி நிற்றல் வேண்டும். அந்நுட்பம் அறிந்து அவர் வாசித்தமையால், இருவீணையும் ஒரு மிருதங்கமுமாகிய அக்கூட்டு நிகழ்ச்சி புகழ் பெற்றது. பொதுவாக மிருதங்கத்தின் துணையின்றி வாசிக்கப்படும் தானத்தையும் மிருதங்கத்தோடு இயைத்து வாசிக்கும் வழக்கம் காரைக்குடி மரபிற் சிறப்புற்றது.

1936ஆம் ஆண்டு

இவ்வாறு நிகழ்ந்துவந்த வாழ்வில் 1936ஆம் ஆண்டு பேரிடியாய் வந்தது. அவ்வாண்டிலேயே தட்சிணாமூர்த்திப் பிள்ளை இறைவன் திருவடி எய்தினார். அவ்வாண்டிலேயே தமையனார் சுப்பராம ஐயரும் மறைந்தார். சுப்பராம ஐயர்க்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. ஒரே மேடையில் அமர்ந்த மூவருள் இருவர் ஓராண்டிற்குள் நீங்க, நாற்பத்தெட்டு வயதினராகிய சாம்பசிவ ஐயர் ஒருவரே எஞ்சினார்.

உடன்பிறந்தாரை இழத்தல் எவர்க்கும் துன்பமே. ஆயினும் சாம்பசிவ ஐயர்க்கு நேர்ந்தது அதனினும் மிக்கதோர் இழப்பாகும். தமையனார் அவருக்கு மூத்தவர் மட்டும் அல்லர். அவர் வாசித்த இசையின் மறுபாதியும் ஆவார். காரைக்குடி வீணை என்று உலகம் கேட்டுப் பழகியது இருவர் வாசிப்பையே. ஒருவர் மட்டும் வாசிக்கும்போது அதனை அப்பெயராலேயே ஏற்குமா, பாதி வீணை என்று கருதுமா என்னும் ஐயம் அவையோர்க்கு எழுதல் இயல்பு. வாசிப்பவர்க்கும் இடர்ப்பாடு பெரிதே. இருவர் வாசிப்பில் ஒருவர் கை ஓயும்போது மற்றவர் கை தாங்கும். ஒருவர் தொடங்கிய கற்பனையை மற்றவர் வளர்ப்பார். தனி வீணையில் தாங்குவாரும் வளர்ப்பாரும் தாமே. தமையனார் கையை எதிர்நோக்கி முப்பதாண்டுக்கு மேற் பழகிய கை, இனி எதனையும் எதிர்நோக்காமல் இயங்கக் கற்றல் வேண்டும். நாற்பத்தெட்டாம் வயதில் இது புதியதோர் கல்வியே ஆம்.

இவ்விடத்துச் சாம்பசிவ ஐயர் மேற்கொண்ட நெறி சிந்திக்கத்தக்கது. தனித்து வாசிக்க நேர்ந்தமையால் தம் குடியின் பாணியை விட்டுப் புதியதொரு பாணியை அவர் நாடவில்லை. கேட்போரை எளிதிற் கவரும் விரைவு வாசிப்பையும் அவர் பற்றவில்லை. இருவர் வாசிக்குங்கால் வேண்டப்பட்ட அதே கட்டுப்பாட்டைத் தனி வாசிப்பிலும் காத்தார். இணைந்து மீட்டும்போது ஒருவர்க்கொருவர் காவலாக இருந்து பேணிய காலப்பிரமாணத்தை, காவலர் இல்லாத இடத்திலும் இம்மியும் பிசகாது பேணினார். அவருடைய வாசிப்பின் ஒலிப்பதிவுகள் சில இன்றும் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்போர், ஒவ்வொரு மீட்டும் நிறுத்து அளந்தாற்போல விழுவதையும், தானம் வாசிக்குங்கால் அடுக்கடுக்காக அமையும் கட்டினையும் உணரலாம். பக்கத்தே ஒருவர் அமர்ந்து உடன் மீட்டுகின்றார் என்று எண்ணி வாசிப்பவர்க்கே இத்தகைய ஒழுங்கு வாய்க்கும். மறைந்த தமையனாரை அவர் தம் வாசிப்பின் உள்ளே வைத்துப் போற்றினார் எனலாம்.

கலாக்ஷேத்திரப் பணி

இறைவன் செயலில் ஒருபுறம் மூடும் கதவுக்கு மறுபுறம் திறக்கும் கதவு ஒன்று இருத்தலை அன்பர்கள் பலகாலும் கண்டிருப்பர். சாம்பசிவ ஐயர் துணையை இழந்த அதே 1936ஆம் ஆண்டில், சென்னை அடையாற்றில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அவர்களால் கலாக்ஷேத்திரம் தொடங்கப்பெற்றது. பரதக்கலையையும் கருநாடக இசையையும் பண்டை நெறிப்படி பயிற்றுவதற்கென எழுந்த அக்கலைக்கூடம், நாளடைவில் மூத்த வித்துவான்கள் பலர்க்குப் புகலிடமாயிற்று. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பூதலூர்க் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் முதலானோர் அங்கு அமர்ந்து கற்பித்தனர். சாம்பசிவ ஐயரும் அவ்வரிசையில் இடம்பெற்று, வீணை ஆசிரியராகத் தம் பிற்காலத்தை அங்கே கழித்தார்.

அரசவையிலும் செல்வர் மனைகளிலும் திருவிழா மேடைகளிலும் வாசித்த குடியினர்க்குக் கல்லூரி என்பது புதிய சூழல். புதுக்கோட்டை அரசும் 1948ஆம் ஆண்டில் இந்திய நாட்டோடு இணைந்துவிட்டது. குலவித்தையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கலை, பிறர் மக்களும் வந்து கற்கும் கலையாக மாறியது. அம்மாறுதலைச் சாம்பசிவ ஐயர் மனமுவந்து ஏற்றார். ஆயினும் கற்பிக்கும் முறையில் பழைய குருகுல ஒழுக்கத்தைக் கைவிடவில்லை. ஆசிரியர் வாசிக்க, மாணவர் செவியாற் கேட்டுக் கையால் வாங்கும் முறையே அவர்க்கு உடன்பாடாக இருந்தது.

அவர்பாற் பயின்றோருள் முதலில் நினைக்கத்தக்கவர் திருமதி ரங்கநாயகி ராஜகோபாலன். 1932ஆம் ஆண்டிற் பிறந்த அவர், ஏறக்குறைய நான்கு வயதிலேயே ஐயர் இல்லத்தில் குருகுலவாசமாக வந்து சேர்ந்தார். அஃதாவது தமையனாரை இழந்த காலத்தை ஒட்டியே ஒரு குழந்தை அவர்தம் வீணையின் முன் வந்து அமர்ந்தது. பல்லாண்டுகள் உடனிருந்து கற்ற அம்மையார், 2018ஆம் ஆண்டில் மறையும் வரை ஆசிரியரின் பாணியை மாற்றமின்றிப் போற்றிவந்தார்.

1952ஆம் ஆண்டு சாம்பசிவ ஐயர்க்குப் பெருஞ்சிறப்புகளைக் கொணர்ந்தது. சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி என்னும் விருதை அவ்வாண்டிற்கு அளித்தது. மத்திய சங்கீத நாடக அகாடமி தொடக்க காலத்தில் வழங்கிய விருதுகளுள், 1952ஆம் ஆண்டிற்குரியதைப் பெற்றோரில் அவரும் ஒருவர். வாய்ப்பாட்டில் அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரும் முஷ்டாக் உசேன் கானும், வாத்திய இசையில் அலாவுதீன் கானும் அவரோடு விருது பெற்றோராவர். அப்போது ஐயர்க்கு வயது அறுபத்து நான்கு. தமையனார் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாதி வீணையோ என்னும் ஐயத்திற்கு அதன்பின் இடமில்லாது போயிற்று.

தமையன் வழிக்கே ஒப்படைத்தல்

விருதுகளினும் அவர் வரலாற்றில் பெரிதாகப் போற்றத்தக்கது மற்றொன்று உண்டு. சுப்பராம ஐயரின் மகள்வழிப் பெயர்த்தியாகிய ராஜேஸ்வரி பத்மநாபன் அவர்கள் சாம்பசிவ ஐயரிடம் வீணை பயின்று, பின்னர்க் கலாக்ஷேத்திரத்திலேயே ஆசிரியையாக விளங்கினார். அவ்வம்மையாரின் உடன்பிறந்த சுப்பிரமணியன் என்னும் சிறுவரை ஐயர் தம் இறுதிக்காலத்தில் மகனாகத் தத்து எடுத்துக்கொண்டு கற்பித்தார். 1944ஆம் ஆண்டிற் பிறந்த அவர் அப்போது பதின்மூன்று வயதினர். பிற்காலத்தில் அவர் காரைக்குடி எஸ். சுப்பிரமணியன் என்னும் பெயரோடு ஒன்பதாந் தலைமுறை வைணிகராகப் புகழ்பெற்று, இசையாராய்ச்சியிலும் ஈடுபட்டு, சென்னையில் பிருஹத்வனி என்னும் இசைக்கல்வி நிலையத்தை நிறுவினார்.

இதன் பொருளை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். தமையனாரோடு சேர்ந்து வளர்த்த செல்வம் அவர் மறைவால் முழுதும் தம்பி கையில் வந்து நின்றது. தம்பியோ அதனைத் தம்முடையது என்று வைத்துக்கொண்டாரல்லர். தமையனார் பங்கைத் தமையனாரின் பேரக் குழந்தைகள் கையிலேயே சேர்ப்பித்தார். ஒரு திருக்கோயிலின் அணிகலன்களைக் காத்துவரும் நல்ல அறங்காவலர், அவற்றை ஒன்றும் குறையாமல் அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்து விடைபெறுவது போன்றது இச்செயல். நிமிர்த்திய வீணையில் ஒருகால் ஒலித்த நாதம், மடிமேற் கிடந்த வீணையின் வழியாக அவ்வீட்டுப் பிள்ளைகளையே மீண்டும் சென்றடைந்தது.

1958ஆம் ஆண்டில் சாம்பசிவ ஐயர் எழுபதாவது வயதில் இறைவன் திருவடி நீழலை அடைந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் தனித்து நின்ற காலத்தை எண்ணும்போது, அது வெறும் தனிமைக் காலமாகத் தோன்றவில்லை. அக்காலம் முழுவதும் ஒரு கடமை நிறைவேறிய காலமாகவே விளங்குகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் தலைவரோடு உடன் சென்றது ஒரு பேறு. உடன் செல்ல இயலாதார்க்கு உரிய பேறு, எஞ்சியிருந்து பணியை முடித்தல்.

முன்னோர் எடுப்பித்த கோயிலைப் பின்னோர் புதுக்கிக் குடமுழுக்காட்டுவதும் இவ்வகைப் பணியேயாகும். தூண் நிறுத்தியவர் ஒருவர். விமானம் உயர்த்தியவர் மற்றொருவர். தொடங்கியவர் பலர் நிறைவைக் காணாமலே மறைந்திருப்பர். எஞ்சியோர் அப்பணியைத் தம் பெயர்க்கென்று கொள்ளாது, மறைந்தார் பங்கையும் சேர்த்து முடித்து, வருந்தலைமுறையின் கையில் தருவாராயின் ஆண்டவன் அதனை உவந்து ஏற்பான். குடுமியான்மலைப் பாறையில் மாணவர் நலங்கருதிச் சுரங்களைப் பொறித்த அரசரின் எண்ணத்தை, அதே நாட்டிற் பிறந்த வீணைச் செல்வர் ஒருவர் பிள்ளைகளின் விரல்களிற் பொறித்துச் சென்றார். அவ்விரல்கள் வழியே இன்றும் அந்நாதம் ஒலித்துவருகின்றது. மெய்யன்பர்களும் கொடையாளர்களும் அப்பெரியார் வரலாற்றைச் சிந்தித்து, தத்தம் கைக்கு வந்த திருப்பணியைக் குறைவின்றி நிறைவேற்றி, எல்லா நலங்களும் பெற்று வாழ்வாராக.

திருச்சிற்றம்பலம்.